காதுமூடி

எங்கள் உஜித்சே ஊர் மரம் அறுக்கும் ஆலையில் காதுமூடி மாட்டுகிற ஆளே கிடையாது.

"மிலொய்கோ அண்ணே, இந்த ரம்பச் சத்தம் உங்களைச் செவிடாக்கிரும். மாட்டுங்க," என்றாள் பாதுகாப்பு அதிகாரி தேசங்கா.

"என்னம்மா சொன்னே? கேக்கலை."

மொத்த ஆலையும் சிரித்தது.

எச்சரிக்கைப் படம் ஒட்டினாள். அதற்கு மீசை வரைந்தார்கள். மாட்டியவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தாள். தின்று முடித்ததும் கழற்றிவிட்டார்கள்.

குளிர்காலத்தில் வியன்னாவிலிருந்து முதலாளி வந்தபோது எல்லார் காதிலும் மூடி இருந்தது. மிலொய்கோ காபி குடிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

"எப்படிம்மா சாதிச்சே?"

"ஒருத்தர் பழக்கத்தை மாத்தணும்னா, அவர் எதுக்குப் பயப்படுறார்னு முதல்ல பாக்கணும் சார்."

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பல் கிட்டியது.

"என்ன இப்படிக் குளிருது? மேல எதிரெதிரா ரெண்டு ஜன்னல் திறந்து கெடக்கே. இழுத்துச் சாத்துற கழி எங்கே?"

"என் கார் டிக்கியில."

"அங்கே எதுக்கு?"

"காது செவிடாகும்னா இவங்க சிரிப்பாங்க சார். ஊதக்காத்து காதுல பூந்தா வாய் கோணிக்கும்னு அவங்கவங்க அம்மா சொல்லி வளர்த்திருக்காங்க. அதுக்கு மட்டுந்தான் பயம்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளை, படிச்ச நீயாவது இதையெல்லாம் நம்பலையே."

தேசங்கா கழுத்துத் துணியை இழுத்துக் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னு பேசுவோம் சார். இங்க காத்து நேரா அடிக்குது."