இருபத்தெட்டு கோடு

"எழுநூத்தம்பது மில்லி பாட்டில். ஒரு பெக் முப்பது மில்லி. எத்தனை பெக்குடா வரும்?"

"இருபத்தஞ்சுண்ணே."

"அப்ப இது என்ன?"

பார் முதலாளி, நேற்றுத் திறந்து நேற்றே காலியான பாட்டிலின் கழுத்திலிருந்து அட்டையைப் பிய்த்து ஆட்டினார். ஒரு பெக் ஊற்றினால் அட்டையில் ஒரு கோடு. அது அவர் போட்ட சட்டம். சாயங்காலம் கவுண்டருக்கு எதிரில் உட்கார்ந்து தான் குடிக்கிற அஞ்சு பெக்குக்கும் கோடு போட வைக்கிற நியாயவான் அவர். அந்த அட்டைகளை எண்ணிப் பார்க்க நியாயவானுக்கு நேரம் கிடைத்தது என்னவோ இன்றைக்குத்தான்.

அட்டையில் இருபத்தெட்டு கோடு.

"கோடு குறைஞ்சா நீ குடிச்சிருக்கே. கூடினா வர்றவன் கிளாஸ்ல கை வச்சிருக்கே. எங்கிருந்து வந்துச்சு மூணு பெக்? பாட்டில் குட்டி போட்டுச்சா?"

ஊற்றிக்கொடுப்பவர் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு வருஷமாக அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர். ஒரு சொட்டுகூடச் சிந்தமாட்டார் என்பதால் கடையில் அவர் பெயரே 'சொட்டு'.

கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மேஜை துடைத்துக்கொண்டிருந்த சப்ளையர்கள் இரண்டு பேரும் துடைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அளவுல ஏமாத்தறியா? என் முன்னாடி ஊத்து, பாப்போம்!"

காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அளவுக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார் சொட்டு. சரியாக இருபத்தஞ்சு. பாட்டிலில் மிச்சமும் இல்லை, கடைசிக் கிண்ணத்தில் குறையும் இல்லை.

"ஓஹோ, கை சுத்தம்! அப்ப தண்ணி கலக்கறே."

"சத்தியமா இல்லண்ணே."

"சத்தியம் வேறயா, தூ! என் கிளாஸ்ல கலக்க உனக்குத் தைரியம் வராது. இருபது வருஷ நாக்குடா இது, பட்டவுடனே காட்டிக்கொடுத்துடும். பாவம், கடைக்கு வர்ற ஜனத்துக்குக் கலந்திருக்கே. பொண்ணைக் காலேஜ்ல சேக்கப்போற நேரத்துல திருட்டுப் புத்தி! சாவியை வச்சிட்டு வெளிய போ. நாளைக்கு இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் உனக்கு வேலை கிடைக்காது, நானே சொல்லி வச்சிடறேன்."

சொட்டு சாவியைக் கவுண்டர்மேல் வைத்தார். ஒரே ஒரு தடவை சமையல்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, வாசலை நோக்கி நடந்தார்.

"நில்லுங்க தம்பி. சாவியை எடுங்க."

சமையல்கட்டிலிருந்து முதலாளியின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நீ உள்ள போ. இது கணக்கு விஷயம்," என்றார் முதலாளி.

"கணக்கைத்தான் சொல்ல வந்தேன். நாலு மாசம் முன்னாடி டாக்டர் உங்க ஈரல் ரிப்போர்ட்டை என் கையில குடுத்தாரு. அன்னைக்கே இந்தத் தம்பி கையில கால்ல விழாத குறையாக் கேட்டுக்கிட்டேன். வேலையே போனாலும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். உங்க அஞ்சு கிளாஸ்ல முதல் ரெண்டுதான் சரக்கு. மத்த மூணும் நான் ஆறவச்சுக் குடுக்கற பால் ஊத்தாத டீ. சோடா ஊத்திட்டா ரெண்டும் ஒரே நிறம். நீங்க எதிர்லயே உக்காந்து கோடு போடு, கோடு போடுன்னா அவர் என்ன செய்வாரு?"

சப்ளையர்கள் அவசரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் தோள் மட்டும் குலுங்கியது.

முதலாளி தலையைத் தடவிக்கொண்டார்.

"நேத்து அஞ்சாவது கிளாஸ்ல எனக்குத் தலை கிர்ர்ருன்னு சுத்துச்சேடி..."

"சுத்தும், சுத்தும். இஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டேன்."

சாவியை எடுத்து சொட்டு கையில் கொடுத்துவிட்டு, அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னையிலேருந்து அந்த ரெண்டும் டீதான். நாளைக்கு அட்டையில முப்பது கோடு இருக்கணும், சரியா எண்ணிப் பாத்துக்கோங்க."