அடுத்த எண்

ஆள்குறைப்பில் விமானி வேலை போய் இரண்டு வருஷமாக, கிளீவ்லாந்தில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான் நோரிஸ். விமான நிறுவனத்தின் மறுஅழைப்புக்குக் காத்திருந்தே மனம் விட்டுப்போயிற்று. செத்துவிடலாமா என்றுகூட யோசிக்கத் தொடங்கினான்.

அதை மோப்பம் பிடித்தவன் எமெட். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே நாளில் வேலை இழந்த நண்பன்.

"டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுடா."

"சொன்னா மருத்துவச் சான்றிதழ் போயிடும். திரும்பக் கூப்பிட்டா பறக்க முடியாது."

"இன்னும் ஒரு வருஷத்துக்கு யாரையும் கூப்பிட மாட்டாங்க. யூனியன் கமிட்டியில இருக்கறவன் சொல்றேன், நம்பு."

எமெட்டே காரில் கூட்டிப்போனான். மாத்திரையில் நோரிஸுக்குத் தூக்கம் வந்தது, பசி வந்தது. சான்றிதழ் போயிற்று.

டாக்டரைப் பார்த்த பத்தாம் நாள் மறுஅழைப்புக் கடிதம் வந்தது. சீனியாரிட்டி வரிசையில் 1417 வரை அழைத்திருந்தார்கள். 1417 நோரிஸ்தான்.

யூனியன் அலுவலகத்துக்குப் போன் செய்தான். "இது எப்ப முடிவாச்சு?"

"கமிட்டிக்குப் போன மாசமே தெரியுமே சார்," என்றாள் அங்கிருந்த பெண். "உங்களுக்கு உடம்பு சரியில்லையாமே? வர முடியாதுன்னு எமெட் காலையிலேயே சொல்லிட்டார். கவலைப்படாதீங்க, உங்க இடம் வீணாகல. அவர்தானே 1418."

நோரிஸ் போனை வைத்தான்.

"எமெட் பத்தியா பேசினே?" என்றாள் மனைவி டெப்ரா. "அவர் மட்டும் இல்லேன்னா நீ இன்னிக்கு உயிரோடவே இருந்திருக்க மாட்டே."

அதையும் அவனால் மறுக்க முடியவில்லை.