ஒருவரும் எழுந்து போகவில்லை

"கதவு போனாப் போகட்டும். உள்ள இருக்கற வயலின்ல ஒரு கீறல் விழக் கூடாது" என்றாள் அவள்.

பூட்டுக்காரர் தலையாட்டிவிட்டு அலமாரியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியவர். சாவித் துவாரத்துக்குள் மெல்லிய கம்பியை விட்டு, கதவில் காதை ஒட்டவைத்துக் கேட்டார்.

மேசைமேல் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. நேயர்கள் தாங்கள் நேரில் கேட்ட மிகச் சிறந்த கச்சேரியைப் பற்றித் தொலைபேசியில் சொல்லும் நிகழ்ச்சி. டிக்கெட் கிடைக்காமல் மதில் சுவரில் ஏறி உட்கார்ந்து, மழையோடு மழையாகக் கேட்ட புல்லாங்குழலைப் பற்றி ஒரு லாரி டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாலு மாசமா ஒரு வாரம் விடாம கேக்கறா" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் கணவர் பூட்டுக்காரரிடம் சொன்னார். "இவ கச்சேரியைப் பத்தி எவனாவது பேச மாட்டானான்னு. ஒரு ஈ காக்கா பேசல."

"வாழ்க்கையிலயே ஒரு கச்சேரிதான் பண்ணேன். ஆனா அறுநூறு பேர். மூணு மணி நேரம். ஒருத்தர் எழுந்து போகல" என்றாள் அவள். "உங்க ரிட்டயர்மென்ட் பேச்சுல டீ வர்றதுக்குள்ள பாதிப் பேரைக் காணோம்."

"அது இருபத்தாறு வருஷத்துக்கு முந்தி. இப்ப யார் வருவா?"

அடுத்த மாதம் நூலக அரங்கில் வாசிக்க அவளை அழைத்திருந்தார்கள். சம்மதக் கடிதம் மூன்று நாளாகக் கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது. பயம் வரும்போதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தை எடுத்து, குளிருக்குக் கம்பளியைப் போர்த்துவதுபோல் போர்த்திக்கொள்வாள்.

"நானும் ஒரு கச்சேரி கேட்டிருக்கேம்மா" என்றார் பூட்டுக்காரர், கம்பியைத் திருகியபடி. "வயலின்தான். நூல் மில்லுல, அங்க இருக்கற கலையரங்கத்துல. அப்ப எனக்கு அங்கதான் வேலை. முதலாளி பொண்ணு வாசிச்சாங்க."

செய்தித்தாள் மெல்ல இறங்கியது.

"அது நான்தான்" என்றாள் அவள்.

கம்பி நின்றது. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பூட்டைப் பார்த்தார். "அப்படிங்களா" என்றார்.

"எந்த வரிசையில உட்கார்ந்திருந்தீங்க?"

"உட்காரலம்மா. கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன்."

"கேட்டுக்குங்க" என்று அவள் கணவரைப் பார்த்தாள். "வெளியிலயும் ஆள் நின்னிருக்கு."

"என் சம்சாரம் உள்ள இருந்தா. கைக்குழந்தையோட."

"அவங்களுக்குப் பிடிச்சிருந்துதா?"

"இன்னைக்கும் பேசுவாம்மா. சாகற வரைக்கும் மறக்க மாட்டா."

அவள் ஏற்கெனவே தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா. எனக்கு இதெல்லாம் பேச வராது."

"மேடையா ஏறப் போறீங்க? நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, போதும்."

"வீட்ல அவளும் இந்த நிகழ்ச்சியைத்தான் கேட்டுக்கிட்டு இருப்பா."

"நல்லதாப் போச்சு. அவங்களும் சந்தோஷப்படுவாங்க."

மூன்றாவது முறை இணைப்பு கிடைத்தது. காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த நேரத்தில் அலமாரி 'க்ளிக்' என்று திறந்துகொண்டது. அவள் வயலின் பெட்டியை மடியில் வைத்து, அதன்மேலேயே கடிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டு ஒட்டினாள். கணவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

அவள் தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துப் பூட்டுக்காரர் முன் நீட்டினாள். அறிவிப்பாளரின் குரல் அறையை நிறைத்தது.

"சொல்லுங்க ஐயா. இத்தனை வருஷம் கழிச்சும் அந்தக் கச்சேரி ஏன் மனசுல நிக்குது?"

"வாசிப்பு நல்லா இருந்துச்சுங்க" என்றார் அவர். "கதவுல காதை வெச்சா மரமே அதிர்ற மாதிரி இருக்கும். நடுவுல ஒரு இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பொய் சொல்லல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒருத்தரும் எழுந்து போகல. அதைச் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள்.

"மூணு மணி நேரம்" என்றார் அவர். "ஒருத்தர்கூட வெளியில வரலைங்க."

"அடேயப்பா. அதான் உள்ள இடமில்லாம நீங்க வெளியில நின்னீங்களா?"

பூட்டுக்காரர் அவளைப் பார்த்தார். அவள் சிரித்துத் தலையசைத்து, மேலே சொல்லும்படி சைகை காட்டினாள். அவர் பார்வை ரேடியோப் பக்கம் போய், அங்கேயே நின்றது.

"இல்லீங்க. இடம் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் ஐயா வெளியில?"

அவர் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார்.

"கதவைப் பூட்டிட்டு, முடியற வரைக்கும் சாவியோட அங்கயே நிக்கணும்னு முதலாளி சொல்லியிருந்தாருங்க."