சோடியத்தை யாரும் கூப்பிடவில்லை

ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குழாயில், வெளிர்நீலத் தண்ணீருக்குள், வெள்ளியும் செம்பும் சோடியமும் கரைந்து கிடந்தன. ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் பழக்கம்.

ஒருநாள் மேலிருந்து ஓர் அமிலத்துளி விழுந்தது. பேசிக்கொண்டிருந்த வெள்ளி பாதியில் நிறுத்தியது.

"என்னை யாரோ கூப்பிடுறாங்க," என்றது. உடனே தயிர்போல வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கியது. யாரோ அதை வடிகட்டி எடுத்துப் போனார்கள்.

"வெள்ளியக்கா இப்படித்தான் இருப்பாங்களா?" என்றது செம்பு. "பயமா இருக்கு, சோடியம். பேசிக்கிட்டே இரு."

சோடியம் பேசிக்கொண்டே இருந்தது. அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு குமிழ்குமிழாக நுழைந்தது. செம்பு கறுப்பாகத் திரண்டு அதுவும் போனது. தண்ணீரின் நீலமும் கூடவே போய்விட்டது.

பிறகு என்னென்னவோ துளிகள் விழுந்தன. எதுவும் சோடியத்தைத் தொடவில்லை. தப்பித்துவிட்டோம் என்று முதலில் மகிழ்ந்தது. போகப்போக, ஒவ்வொரு துளி விழும்போதும், "என்னைத்தானே?" என்று முன்னால் ஓடியது.

கடைசியில் மேலே ஒரு குரல் கேட்டது. "இதுல வேற ஒண்ணும் இல்லை."

"நான் இருக்கேன்," என்றது சோடியம்.

குழாய் கழுவுதொட்டியை நோக்கி மெல்லச் சாய்ந்தது.