வியாழக்கிழமைத் தூக்கம்

டிரைவர் வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கழுத்துவரை போர்வை.

கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி தயாராக இருந்தது. ஃபாதர் அதில் உட்காரவில்லை. இன்றைக்கு உட்காரவே கூடாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்தால் கதை கந்தல்.

டிரைவரின் மனைவி கதவைச் சாத்தும் முன் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். ஃபாதர் வந்துவிட்டுப் போகிற அன்றைக்கு மட்டும் தன் வீட்டுக்காரர் முகமே தெளிந்துவிடுகிறதாம்.

இனி டிவி வாயை மூடிக்கொள்ளும். சமையலறையில் பாத்திரம்கூடப் பார்த்துத்தான் உருளும். அறைக்குள் ஜெபம் நடக்கிறதல்லவா?

அந்த மரியாதைதான் ஃபாதரைப் பிடுங்கித் தின்றது. உள்ளே ஜெபமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உள்ளே ஃபாதர் தூங்குவார்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஓட்டிக்கொண்டிருந்த பேருந்துக்கு முன்னால் ஓர் ஆள் வந்து விழுந்ததிலிருந்து டிரைவருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை உதறியது. அவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். கைக்கு அது புரியவில்லை. வேலைக்குப் போவதை நிறுத்தி, பேச்சை நிறுத்தி, சுவரோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தார்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஃபாதர் வியாழக்கிழமைதோறும் நற்கருணை அப்பம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆறுதலையெல்லாம் சொன்னார்.

ஒருநாள் சொல்ல ஒன்றுமே வரவில்லை. அன்று காலையில்தான் ஒரு குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. விழித்தபோது வாயோரம் எச்சில். டிரைவர் அவரை எழுப்பவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

கோயிலை ஒட்டிய தன் வீட்டில் ஃபாதருக்குத் தூக்கம் கிடையாது. படுத்தால் நெஞ்சு திடும் திடும் என்று அடிக்கும். போன் மணி அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பூசை உடையை மாட்டும்போது விரல் நடுங்குவதால், பொத்தானை யாரும் வருவதற்கு முன்னாலேயே போட்டு வைத்துக்கொள்வார். பிரசங்கத்தில் கோயில் முழுக்கத் தூங்க வைக்கிற மனுஷனுக்குச் சொந்தக் கட்டிலில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

யாரிடம் போய்ச் சொல்வது? சனங்களிடம் சொன்னால், ஃபாதருக்கே இப்படியா என்று அவர்கள் மிரண்டுபோவார்கள். மேலிடத்தில் சொன்னால் ஓய்வு என்று எங்காவது அனுப்பிவைப்பார்கள். அப்புறம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

ஆக, உலகத்தில் அவருக்கு மிச்சமிருந்தது இந்த நாற்காலி ஒன்றுதான். அதுவும் ஒரு நோயாளியிடமிருந்து திருடியது.

இன்றோடு சரி. அடுத்த வாரத்திலிருந்து உதவி ஃபாதர் வருவார் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அதற்கப்புறம் எங்கே போய்த் தூங்குவது என்பதை அவர் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

நற்கருணையைக் கொடுத்தார். டிரைவர் தலையை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு நிமிடம் உட்கார்ந்து, வந்த விஷயத்தை நிதானமாகச் சொல்லலாமே என்று ஃபாதர் உட்கார்ந்தார்.

கண் விழித்தபோது கட்டிலில் கிடந்த வெயில் தரைக்கு இறங்கியிருந்தது. கழுத்து வலித்தது. மனசு மட்டும் லேசாக இருந்தது. அப்படி இருந்ததற்காகவும் வெட்கப்பட்டார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல. உங்க நேரத்துல வந்து நான் தூங்கிட்டுப் போறேன். இது தப்பு."

சரி, முடிந்தது. ஃபாதர் எழுந்தார். கால்மாட்டில் போர்வை விலகிக் கிடந்தது. இத்தனை நாளில் இந்த மனிதனுக்கென்று உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை, போவதற்கு முன் அதையாவது இழுத்துவிடலாம் என்று குனிந்தார்.

போர்வைக்குள் ஷூ இருந்தது.

பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ, லேஸ் கட்டியபடி. அதற்கு மேலே இஸ்திரி போட்ட சீருடைக் கால்சட்டை. ஷூவின் அடியில் தெருமண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

போர்வையைப் பிடித்தபடியே அவர் நின்றுவிட்டார். இந்த மனிதர் எப்போதிலிருந்து வேலைக்குப் போகிறார்? கதவைச் சாத்திவிட்டுப் போனவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? கதவுக்கு அந்தப் பக்கம் வீடு இன்னமும் சத்தம் காட்டாமல்தான் இருந்தது.

டிரைவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"இன்னும் கொஞ்சம் தூங்குங்க ஃபாதர். வண்டி எடுக்க நேரம் இருக்கு."