பின்கண்ணாடி

டிரைவர் சும்மா நிற்க, பனியன் கம்பெனி முதலாளி திருமூர்த்தி துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பின்கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதற்கு இந்த மினுக்கு? மகள் தரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியில் வேலை பார்க்கும் மதுரைக்காரன் அருண்பாண்டியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நேற்றுச் சொன்னாள். விடிந்ததும் மனுஷன் டிரைவரை வரச் சொல்லிவிட்டார்.

“மாப்பிள்ளை பாக்கக் கெளம்பிட்டீங்களாக்கும்?”

“ஆமா கண்ணு.”

“நீங்க யாரைப் பாத்தாலும் நான் கழுத்த நீட்ட மாட்டேனுங்க.”

“கத்தாத. கிட்ட வந்து பாரு, இன்னும் எழுத்து தெரியுதா?”

குனிந்து பார்த்தாள். ஸ்டிக்கரை உரித்த இடத்தில், பசைத் தடமாக தங்கள் சாதிப் பெயர் மங்கலாகத் தெரிந்தது.

“தெரியுதுங்கப்பா. இதை எதுக்கு உரிச்சீங்க?”

“அருண்பாண்டி ஊட்டு வாசல்ல இதோடயா போயி நிக்கறது?”