ஓடக்காரியின் கனவு

ஃபிலிப்பாவின் சிவப்புப் பென்சில் நாற்பத்தோராவது கனவை அடித்தது.

லண்டன் பதிப்பகத்திலிருந்து ரயிலேறி, வேல்ஸின் இந்தக் கடலோர ஊருக்கு அவள் வந்ததே இதற்குத்தான். யோர்வெர்த் எழுதும் மாயாஜாலப் போர்க்கதை வரிசையில் இது ஒன்பதாவது புத்தகம். எண்ணூறு பக்கம்.

ராஜா கொட்டாவி விட்டால் போதும், அடுத்த பக்கத்தில் ஒரு கனவு. கிழட்டு மந்திரவாதி எவனாவது குகையிலிருந்து தலையை நீட்டினால் ஒரு தீர்க்கதரிசனம், அதுவும் எதுகை மோனையோடு. ஆடு மேய்ப்பவன் தோளில் மச்சம் இருந்தால் அரியணை அவனுக்குத்தான். எல்லாம் முன்கூட்டியே தெரிந்த பிறகு இவர்கள் எதற்காக எண்ணூறு பக்கம் வாள் சுழற்றுகிறார்கள்?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டாள்.

யோர்வெர்த் கோபப்படவில்லை. சமையலறை மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அவள் அடித்த இடத்துக்கெல்லாம் தலையாட்டினார்.

இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் மட்டும் அவர் கை தாளின் மேல் வந்து விழுந்தது.

அங்கே ஓர் ஓடக்காரி. மகன் நனைந்த சட்டையோடு வாசலில் வந்து நிற்பதாகக் கனவு காண்கிறாள். கடைசிப் பக்கம் வரை அந்த மகன் வரவே இல்லை.

"மத்ததெல்லாம் பலிச்சுத் தொலைக்குது, இது மட்டும் அந்தரத்துல தொங்குது. மறந்துட்டீங்களா? ஒண்ணு பையனைக் கூட்டிட்டு வாங்க, இல்ல கனவைத் தூக்குங்க. படிக்கிறவன் என்ன இளிச்சவாயனா?"

யோர்வெர்த் தாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி நெரிஸ் திரும்பினாள். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாக் கேளும்மா. எங்க பையன் இவான் படகோட கடலுக்குப் போய்ப் பதினோரு வருஷமாச்சு. கதையிலயாவது அவனைக் கூட்டிட்டு வாங்கன்னு ஒவ்வொரு புத்தகத்துக்கும் நானும் கெஞ்சறேன். மாட்டேங்கறாரு."

ஃபிலிப்பாவின் பென்சில் தாளுக்கு மேலே அப்படியே நின்றது.

யோர்வெர்த் தானே பக்கத்தைப் புரட்டினார். அடுத்ததில், போருக்குப் போகும் இளவரசன் உயிரோடு தாயிடம் திரும்புவான் என்று யாரோ வாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இதை அடிச்சுடும்மா" என்றார்.